ஒரு தலைவலி மாத்திரை

"ஊசின்னா பயம்னு சொல்லிட்டுப் போங்க அத்தான். எதுக்கு இந்தச் சாக்கு?"

ரத்த வங்கி வாசலில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை.

அக்கா புருஷன் கையில் படிவத்தோடு நின்றார். "சாக்கு இல்ல வக்கீல். மூணு நாளுக்குள்ள வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களான்னு ஒரு கேள்வி. காலையில ஒண்ணு போட்டேன். அப்படியே எழுதினேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

அவள் படிப்பது உயிரியல். வாய் ஓயாததால் வீட்டில் வக்கீல்.

"ஒரு தலைவலி மாத்திரை! அதைப் போய் எழுதணுமா? மேல அம்மாவுக்கு ஈறுல ரத்தம் நிக்கவே இல்ல. தலையணை உறையை மூணு தடவை மாத்தியாச்சு. நம்ம ரெண்டு பேருக்குத்தான் அம்மாவோட குரூப். நீங்க இங்க நின்னு யோக்கியன் வேஷம் போடுறீங்க."

"கேக்கிறாங்கன்னா ஏதாவது காரணம்..."

"என்ன பெரிய காரணம்? பக்கம் காலியா இருக்கேன்னு நாலு கேள்வி சேர்த்திருப்பாங்க. அச்சகத்துல வேலை பார்க்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா?"

உள்ளேயிருந்து டெக்னீஷியன் அம்மா எட்டிப் பார்த்தார். "அவரை ஏம்மா திட்டுறே? மாத்திரை போட்டிருந்தா தட்டணு..."

"தட்டணு என்ன செய்யும்னு எனக்குத் தெரியும் மேடம். சிவப்பணு மூச்சைச் சுமக்கும். வெள்ளையணு கிருமியோட மல்லுக்கு நிக்கும். பிளாஸ்மா எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஓடும். தட்டணு ஓட்டையை அடைக்கும். கீமோ குடுத்ததுல எங்கம்மாகிட்ட இப்ப அடைக்க ஆள் இல்ல. பாடம் வேண்டாம், பை இருந்தா குடுங்க."

"பை இல்லம்மா. சிவப்பணுன்னா ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருப்போம். இது அஞ்சு நாள்தான் தாங்கும். வந்த உடனே போயிடும். இப்ப யார் குடுக்கிறீங்க?"

"நான்."

நின்றபடியே படிவத்தை நிரப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றரை மணி நேரம். அவள் ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்றது. தட்டணு மட்டும் வெளிர்மஞ்சளாகப் பைக்குள் இறங்கியது. மிச்சமெல்லாம் அவளுக்கே திரும்பி வந்தது.

வெளியே வந்தபோது அத்தானைக் காணோம்.

"மாப்பிள்ளை எங்கே?" என்றார் அப்பா.

"கழண்டுட்டார்."

அப்பா அவள் கையிலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "என்ன இருந்தாலும் வேற ரத்தம். நீதாம்மா எனக்குத் தங்கம்."

சாயங்காலம் அம்மாவுக்கு அந்தப் பையை ஏற்றினார்கள்.

மறுநாள் காலையிலும் தலையணை உறை சிவப்பாகவே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டால் கண் மட்டும் லேசாக அசைந்தது.

டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணிக்கை நல்லாவே ஏறியிருக்கு. ஆனா ரத்தம் நிக்கலை. நேத்துக் குடுத்தவங்க ஆஸ்பிரின் கலந்த மாத்திரை ஏதாவது போட்டிருந்தாங்களா?"

"போட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்றார் அப்பா.

"தட்டணு செத்துப் போகாது. எண்ணினா கணக்குல வரும். ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஓட்டைக்கு முன்னாடி போய்ச் சும்மா நிக்கும்."

"அதுக்கு வாய்ப்பே இல்ல. மாத்திரை போட்டவரை வாசல்லயே திருப்பிட்டாங்க. குடுத்தது என் பொண்ணு."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரி. வேற யாரையாவது உடனே கொண்டு வாங்க. ஒரு நாள் முழுசா வீணாயிடுச்சு. தலைக்குள்ள கசிய ஆரம்பிச்சா என் கையில எதுவும் இல்ல."

அப்போதுதான் அத்தான் வந்தார். நேற்றைய சட்டை. பின்னால் மை படிந்த விரல்களோடு இரண்டு பேர்.

"எங்க அச்சகத்து ஆளுங்க டாக்டர். அத்தைக்கு ஒரு பை போதாதுன்னு தோணுச்சு. வீடு வீடா போய் குரூப் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரு வாரமா எந்த மாத்திரையும் தொடலை. அதையும் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

டாக்டர் அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

அத்தான் சுவரில் சாய்ந்து நெற்றியை அழுத்தினார். "தலை பிளக்குது வக்கீல். நேத்துக் காலையில கைப்பை முழுக்கத் தேடி ஒரு மாத்திரை குடுத்தியே, அதுல இன்னொண்ணு குடு. எனக்குத்தான் இனிமே எழுதப் படிவம் இல்லையே."

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். கை வெளியே வரவில்லை.

"என்ன, தீந்துடுச்சா?" அவரே பையை வாங்கி மாத்திரை அட்டையை எடுத்தார்.

நேற்றுக் காலை அவர் கண்ணெதிரே அவள் பிரித்த புது அட்டை. பத்தில் இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பஞ்சு ஒட்டியிருந்த அவள் கையைப் பார்த்தார்.

"என்ன அது?" அப்பா நெருங்கி வந்தார். "ஒண்ணுதானே போட்டேன்னு சொன்னீங்க மாப்பிள்ளை? ரெண்டு காலியா இருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டையும் நான்தான் போட்டேன் மாமா," என்றார் வேற ரத்தம்.