பதினொரு பேர் படம்

அஸ்தினாபுரம் ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகலுக்காக நிற்கிறேன். கண் மட்டும் கடைக்காரர் கங்காதரனின் கணினித் திரையில். என் பக்கத்தில் ஜெரூஷா. புருஷன் மார்கஸ் வெள்ளைக்காரர், அவர் ஊரில் இருக்கிறார். இருவரும் தனியாக எடுத்துக்கொண்ட படம் கொடுத்தால்தான் இவளுக்கு விசாவாம். எல்லாப் படத்திலும் இருவருக்கும் நடுவே அத்தை, மாமா, போதகர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். “நடுவுல கீறவங்கள தூக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் ஒட்ட வெச்சிடவாம்மா?” “வேணாண்ணா, பொய்யாயிடும்.” மூக்கு திரையில் இடிக்கும்படி குனிகிறாள். சர்ச் வாசலில் பதினொரு பேர். ஒரு கோடியில் கல்யாணப் பட்டுப்புடவையோடு, வெறுங்காலில் அவள். மறு கோடியில் கோட்டு போட்ட மார்கஸ். அவர் கையில் அவளுடைய ஹீல்ஸ் செருப்பு. “இத பெருசா போடுங்கண்ணா.”