பாதுகாப்புக் கேள்வி

வங்கியின் உதவி எண்ணை அழைத்தவர் பாஸ்வேர்டை மறந்திருந்தார்.

“உங்க பாதுகாப்புக் கேள்வி சார். மனைவிக்குப் பிடிச்ச நிறம் என்ன?” வேலை நேரத்துக்கென்றே வைத்திருக்கும் தேன்குரலில் கேட்டாள் உதவி மையப் பெண்.

“இதென்ன பிரமாதம்? எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாதே! பச்சை.”

“தப்பு சார்.”

“சிவப்பு?”

“அதுவும் தப்பு. கல்யாணமான புதுசுல நீங்களே பதிவு பண்ண பதில்தான் சார். இன்னும் ஒரே வாய்ப்பு.”

“லைன்ல இருங்க. இன்னொரு போன்ல அவளையே கேட்டுடறேன்.”

உதவி மைய மேசைமேல் இருந்த அவளுடைய சொந்தக் கைபேசி அதிர்ந்தது. திரையில் ‘வீட்டுக்காரர்’ என்று வந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“எடுக்க மாட்டேங்கறா மேடம். ஏதோ ஆபீஸ்ல வேலை பாக்குறா, மும்முரமா இருப்பா போல.”

“பரவாயில்ல சார்,” என்றாள் அதே தேன்குரலில். “உங்க கணக்கை முடக்கிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?”