கால் படாத புல்வெளி

“அங்கேயே நில்லு! இன்னொரு அடி எடுத்து வைக்காதே!”

முதிசியின் குரல் கேட்டு நெட்சாய் திரும்பிப் பார்த்தாள். புல்வெளியின் ஓரத்தில், தண்ணீர்க் குடுவை கையை விட்டு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றிருந்தார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஓடையில் தண்ணீர் பிடிக்கக் குனிந்த சமயம் பார்த்துத்தான் நைசாக உள்ளே நுழைந்திருந்தாள். நாற்பது அடி தாண்டியாயிற்று.

“ஏன் மாமா, உங்க ஆவி என்னைத் தூக்கிட்டுப் போயிடுமா?”

“பேசாதே. காலை நகர்த்தாம அப்படியே நில்லு.”

ஹராரே நகரத்தில் தாவரத் தோட்டமொன்றில் வேலை பார்ப்பவள் நெட்சாய். சிமானிமானி மலைகளில் பூக்கும் ஒரு சிவப்புக் கற்றாழையைத் தேடி மூன்று நாளாக நடக்கிறாள். தேசியப் பூங்காவின் வழிகாட்டி முதிசிதான் துணை. நாற்பது வயதைத் தாண்டியவர். பாறைக்குப் பாறை ஆட்டைப் போலத் தாவுகிறவர்.

முந்தாநாள் மூதாதையர் சுனைக்கு அழைத்துப் போனார். மண்டியிட்டு, குவித்த கைகளைத் தட்டி, மூக்குப்பொடி தூவி, இன்னார் மகள் வந்திருக்கிறாள் என்று சொல்லி அனுமதி கேட்ட பிறகே அவளைத் தண்ணீர் அள்ள விட்டார். அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள். அவளுடைய அப்பாவும் அப்படிச் செய்கிறவர்தான்.

இந்தப் புல்வெளிக்கு மட்டும் அனுமதியே கிடையாதாம்.

“அது ஆவிங்க நடக்கிற இடம். போன வருஷம் ஒரு மான் உள்ளே போச்சு. மலை உறுமிச்சு. மான் திரும்பி வரல” என்று நேற்று இதே ஓரத்தில் நின்றபோது சொல்லியிருந்தார்.

“சுனையில கேட்ட மாதிரி இங்கேயும் பொடி தூவிக் கேட்டுப் பாருங்களேன்.”

“இங்கே கேக்கக் கூடாது.”

“ஏன்?”

முதிசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தேடி வந்த கற்றாழையோ இப்போது இருபது அடி தூரத்தில், செக்கச்செவேலென்று பூத்து நின்றது.

“இதோ, ஒரே ஒரு விதைக்காய். பறிச்சுட்டு ஓடி வந்துடறேன்.”

“வேண்டாம் தாயே! உனக்கு எத்தனை கற்றாழை வேணும்? நான் தேடித் தரேன். நீ வந்த தடம் தெரியுதா, பாரு.”

பனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவள் மிதித்து வந்த இடம் மட்டும் கரும்பச்சையாக, புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

“தெரியுது.”

“அந்தத் தடத்து மேலேயே காலை வெச்சுத் திரும்பி வா. ஒரு விரல் கூடத் தள்ளி வைக்காதே. வெயில் ஏறிட்டா தடம் காய்ஞ்சுடும்.”

“ஆவி என் செருப்புக்கு அளவு எடுத்து வெச்சிருக்கா?” என்று சிரித்தபடி, நெட்சாய் கற்றாழையை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தாள்.

முதிசி அலறினார். அது மனிதக் குரல் மாதிரியே இல்லை. அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

அடுத்து அவர் செய்ததுதான் அவளைத் திகைக்க வைத்தது. முதிசியே புல்வெளிக்குள் இறங்கினார். அவளுடைய தடங்களில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கயிற்றின் மேல் நடக்கிறவரைப் போல வந்தார். பாறைகளில் தாவுகிற மனிதருக்கு அந்த நாற்பது அடியைக் கடக்க ஒரு யுகம் பிடித்தது.

“நீங்களே உள்ளே வந்துட்டீங்க? ஆவிங்க கோவிச்சுக்காதா?”

அவ்வளவு குளிரிலும் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“நான் முன்னாடி போறேன். என் சட்டையைப் பிடிச்சுக்க. நான் கால் எடுக்கிற இடத்துல நீ கால் வை.”

“சின்ன வயசுல இப்படித்தான் ரயில் விளையாடுவோம்” என்றாள் நெட்சாய்.

பாதி வழியில் அவளுக்குக் கால் இடறியது. அவர் திரும்பி இரண்டு கைகளாலும் அவளைத் தாங்கி, விழாமல் நிறுத்தினார். நெடுநேரம் அப்படியே நின்றார். அவருடைய இதயம் அடிப்பது அவளுக்குக் கேட்டது.

ஓரத்துப் பாறையில் ஏறியதும் முதிசி மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

நெட்சாய்க்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. “பாத்தீங்களா மாமா? முழுசா வந்துட்டோம். கீழே போனதும் ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் போறேன். அங்கே ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயப்படாம மாடு மேய்க்கலாம்னு.”

“சொல்லிடாதே!” அவர் பதறி எழுந்தார். “உன் கால்ல விழறேன். சொல்லிடாதே.”

“பொய்யைச் சொல்லி எத்தனை நாளைக்கு ஜனங்களைப் பயமுறுத்துவீங்க?”

முதிசி சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனித வாடையே இல்லாத மலையில், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ சொல்றது சரிதான் மகளே. அங்கே ஆவி எதுவும் இல்ல. அந்தக் கதையைக் கட்டி விட்டவனே நான்தான்.”

“எதுக்கு?”

“உண்மையைச் சொல்லியிருந்தா, துரோகின்னு ஊரே என்னை வெட்டிப் போட்டிருக்கும். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி விடுதலைச் சண்டை நடந்தப்போ நான் வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தேன். அந்தப் புல்லுக்கு அடியில இருநூறு கண்ணிவெடி இருக்கு. அத்தனையும் என் கையால புதைச்சது.”