மாமனாரின் ஸ்டீரியோ

மாமனார் இறந்து ஒன்பது வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்டீரியோ செட்டுக்கு, பத்து நாள் மல்லுக்கட்டி உயிர் கொடுத்துவிட்டான் இளம்பரிதி. அவன் கைபட்டுப் பிழைத்த முதல் பொருள் அதுதான். முந்தைய நோயாளியான மிக்ஸி ஜாரில் இப்போது கற்றாழை வளர்கிறது. "அத எதுக்கு மாப்ள நோண்டிக்கிட்டு?" என்று மாமியார் அமிர்தவல்லி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மாமியார் வேண்டாமென்றால் வேண்டுமென்று அர்த்தம் என்பது அவனுடைய சொந்த ஆராய்ச்சி. மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அடுப்படியிலிருந்து வந்த அமிர்தவல்லி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பிறகு சுவர் மூலையில் போய் உட்கார்ந்தாள். ரசிக்கத்தான் உட்கார்ந்தாள் என்று அந்த மேதாவி சத்தத்தைக் கடைசிவரை திருகினான். அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பதறிப்போய்த் திருப்பியதில் குமிழ் கையோடு வந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கும் புத்தி வருவதற்குள் சுத்தியலை எடுத்துவிட்டான். முதல் அடியில் முன்பக்கக் கண்ணாடி சிதறியது, நான்காவதில் பாடகரின் குரல் அறுந்தது, அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தான். எல்லாம் அடங்கியதும், கையிலிருந்த சுத்தியலை மறந்து, "அத்தை" என்று அவளிடம் போய்க் குனிந்தான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மூஞ்சில மட்டும் வேணாங்க," என்றாள். "நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும்."