கோணல் கேரட்

ஒரு விடுகதை. காலையில் வயிறு நிறையப் போவான். சாயங்காலம் காலி வயிறோடு வருவான். காலியாக வந்தால்தான் வீட்டில் சந்தோஷம். யார் அவன்?

பள்ளிக்கூடம் போகும் சாப்பாட்டு டப்பா. அது சுலபம். அந்த டப்பா காலியாக இருந்ததற்கே ஒரு அப்பாவுக்குக் கோபம் வந்தது. அது ஏன்? அதுதான் கஷ்டமான விடுகதை.

அந்த அப்பா தையல்காரர். மகள் நாலாம் வகுப்பு; வீட்டில் கூப்பிடுவது சிட்டு என்று. அம்மா விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விடுவதால், டப்பா கட்டுவது அப்பாவின் வேலை. கேரட்டோ வெள்ளரியோ, அவர் வெட்டினால் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. டப்பாவும் தினமும் துடைத்து வைத்த மாதிரி திரும்பி வரும்.

"என் பொண்ணுக்குக் காய்கறின்னா உயிரு" என்று அளவு எடுக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அன்றைக்குப் பள்ளியில் 'சத்தான டப்பா' போட்டி. பிள்ளைகளே தயாரிக்க வேண்டும் என்பது விதி.

"குடு, நான் வெட்டறேன்" என்றார் காலையில்.

"நான்தாம்ப்பா வெட்டணும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

சிட்டு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடினாள். கேரட் ஒரு முனையில் தடி, மறு முனையில் ஒல்லி. வெள்ளரி எந்த வடிவத்திலும் சேர்த்தி இல்லை.

"இதைப் பார்த்தா தையல்காரன் பொண்ணுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"கேரட்டுக்கு என்னப்பா, சட்டையா தைக்கப் போறோம்?"

மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனார். நீள மேஜையில் வரிசையாகத் திறந்த டப்பாக்கள். நடுவில் ஓர் அட்டை: 'யாரும் தொடக்கூடாது.' வெள்ளரிக்காய்ப் படகு, கேரட் ரோஜா, ஆப்பிளில் செதுக்கிய அன்னம். எல்லாம் பிள்ளைகள் செய்தது என்றார்கள் பெற்றோர்கள். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது என்னவோ பெற்றோர்களுக்குத்தான்.

நடுவர் ஒரு பல் டாக்டர். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டப்பாவுக்குப் பின்னால் நின்றார்கள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, சிட்டுவின் டப்பா முன்னால் நின்றார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா?"

"சாப்பிட்டுட்டேன் டாக்டர்."

கூடம் முழுக்கச் சிரித்தது. தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. "ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு? போட்டிக்கே மரியாதை இல்லாம பண்ணிட்டே."

சிட்டுவுக்கு முட்டை மார்க். படகுக்கு முதல் பரிசு: டாக்டர் தம் சொந்தச் செலவில் வாங்கி வந்த பெரிய சாக்லேட் டின்.

தையல்காரர் மகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார்.

"மானத்தை வாங்கிட்டியே. வீட்ல உன்னைப் பட்டினியா போடறேன்?"

"பசிச்சுதுப்பா."

"மத்த பிள்ளைங்களுக்கு மட்டும் பசிக்கலையா? கடையைப் பூட்டிட்டு இதைப் பார்க்கத்தான் வந்தேனா?"

சிட்டு காலி டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க." பள்ளியைப் பெருக்கும் ஆயா, குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒதுங்கி நின்றவர் உள்ளே பார்த்தார். வெள்ளரிப் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ரோஜாக்கள். அன்னத்துக்குக் கழுத்து இல்லை.

"என்னக்கா, ஜெயிச்சதெல்லாம் குப்பையிலயா?"

"போட்டோ எடுத்தாச்சு. இனிமே அதை யாரு தொடுவா? அங்க பாருங்க, டின்னைச் சுத்தித்தான் மொத்தக் கூட்டமும்."

தையல்காரருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஆனால் இப்போது மகள்மேல் இல்லை.

"சாப்பாட்டுப் போட்டின்னு பேரு. சாப்பிட்ட ஒரே பிள்ளைக்கு முட்டை மார்க்கா? நல்லா இருக்கே நியாயம். இதோ போய்க் கேக்கறேன். இந்தப் பள்ளிக்கூடத்துலேயே தினமும் காய்கறி சாப்பிடறது என் பொண்ணு ஒருத்திதான்னு நாலு பேர் முன்னாடி சொல்றேன்."

தலைமை ஆசிரியையின் அறையைப் பார்த்து நடந்தார்.

"தாராளமா கேளுங்கண்ணே. அந்தத் 'தினமும்'ங்கறதை மட்டும் விட்டுடுங்க" என்றாள் ஆயா.

அவர் நின்றார். "ஏன்?"

ஆயா சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு தரையைப் பார்த்தாள்.

"அடிப்பீங்களோன்னுதான் இத்தனை நாளா சொல்லலை. ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி கேரட்டு தினமும் இந்தத் தொட்டியிலதான் கிடக்கும். அது யாரு கைன்னு எனக்குத் தெரியாதா? என் ஜாக்கெட்டு தைக்கறதே நீங்கதானே. இன்னைக்கு ஒருநாள்தான் இவ கேரட்டு தொட்டிக்கு வரலை."

கூடத்திலிருந்து சாக்லேட் தாள் பிரிக்கும் சத்தம் கேட்டது. தையல்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு மட்டும் ஏன் சாப்பிட்டே?"

"இது நான் வெட்டினது."

அவர் அப்புறம் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை, பலகையில் கேரட்டையும் சின்னக் கத்தியையும் எடுத்து வைத்தார். கை சும்மா இருக்கவில்லை, துணிக்குக் கோடு போடும் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து, "கோடு மட்டும் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

சிட்டு ஸ்கேலை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கேரட்டைக் கோணலாக வெட்டினாள்.