எதிர்க் கதிரை

"மகளுக்குச் சம்பந்தம் பேசுற நேரத்திலயும் உங்களுக்குக் கடதாசி விளையாட்டுத்தான் பெரிசோ? இது நாலாவது ஞாயிறு!" கனகமணி வாசலை மறித்து நின்றாள்.

"இண்டைக்குக் கட்டாயம் போகவேணும். இண்டையோட ஒரு முடிவு தெரிஞ்சிடும்" என்றார் கதிராமன்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போய்ப் பத்து வருடமாகியும், அவர்களிடம் பழகிய போக்கர் சீட்டாட்டம் அவரை விடவில்லை.

பொழுதுபட்ட பிறகுதான் திரும்பினார். சட்டைப்பை வெறுமையாக இருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"தோத்துப்போட்டுச் சிரிக்கிறீங்களோ?"

"ஓம். ஆனால் மாப்பிள்ளையை முடிவு செய்திட்டன். தரகர் படம் காட்டின அந்தப் புல்மோட்டைப் பொடியன் இருக்கிறான் எல்லோ? நாலு ஞாயிறா கிளப்பில எனக்கு எதிர்க் கதிரையில இருந்து விளையாடினவன் அவன்தான். நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. பத்துப் பொருத்தம் என்னத்தைச் சொல்லும்? மனுசன்ர குணத்தைக் கடதாசி சொல்லும். இரண்டு ஆட்டம் தோத்தால் சிரிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடுவான். விட்டதைப் பிடிக்கவெண்டு நிக்கமாட்டான். இண்டைக்கும் அப்பிடித்தான், வெள்ளனவே போயிட்டான். எங்கட பிள்ளைக்கு அவன்தான். ஆர் மறிச்சாலும் நாளைக்கே நாள் பாப்பம்."

கனகமணி மெல்லக் கதிரையில் இருந்தாள்.

"தரகர் இப்பதான் வந்திட்டுப் போறார். மாப்பிள்ளை வேண்டாமெண்டிட்டாராம்."

"என்ன? ஏன்?"

"பொடியன் உங்களை முதல் நாளே அடையாளம் கண்டிட்டானாம். நாலு ஞாயிறா உங்களைத்தான் இருந்து பாத்தவனாம். தோத்தாலும் எழும்பத் தெரியாத மாமன் தனக்குச் சரிவராதாம்."