லிங்கன்பெரிச் சாறு

ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில், அம்மாவின் ஜன்னலோரப் பூச்செடி மூன்றாவது முறையும் ஏன் பட்டுப்போனது என்று அனெலிக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் இந்த வருடத்தில் ஐந்தாவது நீர்க்கடுப்பு. இனி வந்தால் மருந்துக்குக் கேட்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்காகவே அனெலி லிங்கன்பெரி என்ற சிவப்புக் காட்டுப்பழத்தின் சாற்றை வாங்கி வைத்திருந்தாள்.

"லிங்கன்பெரி சாறு தினமும் குடிக்கிறியாம்மா? நிறைய உள்ள போனாத்தான் கிருமியை அடிச்சிட்டு வெளிய வரும்."

"கிளாஸ் காலியாத்தானே இருக்கு?"

அனெலி செடியைப் பிடுங்கினாள். தொட்டி மண்ணெல்லாம் சிவப்புக் கறை, புளித்த வாடை.

"அம்மா!"

"குடிச்சா ஒண்ணுக்கு வருமேடி! பெல் அடிச்சா முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஆள் வருது. நனைஞ்ச துணியோட நீ உக்காந்து பாரு."

மறுநாளே அனெலி வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டாள். சாறு வாங்கவில்லை. தினமும் மூன்று முறை வந்து அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். அம்மா வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். நீர்க்கடுப்பு திரும்பவில்லை.